ரெனானிலிருந்து மறுமொழி இல்லை

எம்மன்புரூக்கே
10.03.2019

அன்புள்ள தங்கச்சி மனோகரிக்கு,

இங்கே காது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் கேதீசும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லா ஷோ-து-ஃபோனில் இன்னும் பனி வழித்துக்கொண்டிருக்கிறார்களாம், செய்தியில் எழுத்து ஓடியது. கேதீஸ் முதுகைப் பார்த்துக்கொள்ளட்டும். மச்சானுக்கு இது பனி வழிக்கிற வயதில்லை.

போன கிழமை நீ தொலைபேசி எடுத்திருந்தாய். இலக்கத்தைப் பார்த்து நீதான் என்று தெரிந்துகொண்டேன், மற்றப்படி ஒன்றும் விளங்கவில்லை. போனைக் காதில் வைத்தவுடன் காதுக்கருவி விசிலடிக்கிறது. இரும்பு ஆலைக்குக் காதைக் கொடுத்துப் பென்ஷன் வாங்கினவனுக்கு இனிக் கடிதம்தான் கதி. வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லாதே, அந்த எழுத்துப் பலகை என் விரலுக்குச் சின்னன்.

இத்துடன் நம்முடைய மாதப் பத்திரிகையை வைத்திருக்கிறேன். 'எல்லைக்கு அப்பால்' பகுதியில் இம்முறை ஹனோய் பற்றி எழுதினேன். அமெரிக்க அதிபரும் வடகொரியத் தலைவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை போட்டு, கோப்பை வைத்து, பிறகு ஒருவரும் இருக்காமல் எழும்பிப் போனார்கள். சூரிச் பத்திரிகைகள் எல்லாம் ஒரே ஒப்பாரி. பேச்சு முறிந்துபோச்சாம், இனி ஆபத்தாம். நான் அப்படி எழுதவில்லை. "முதலில் ஆயுதத்தைக் கைவிடு, பிறகு கதைப்போம் என்று சொல்வதில் என்ன பிழை? பிடிவாதக்காரனோடு மேசையில் இருப்பதே அவனுக்குக் கொடுக்கிற பரிசு" என்று எழுதினேன். ஆசிரியர் தவச்செல்வன் வாசித்துவிட்டு, "அண்ணை, உங்களுக்குத்தான் உப்பிடி எழுத வரும்" என்றான். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னபடியால் எனக்கு விளங்கியது.

நீ ரெனான் பக்கம் போனாயா? அங்கே நிலவரம் எப்படி? சும்மா கேட்டேன்.

கேதீசையும் விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
அண்ணை

லா ஷோ-து-ஃபோன்
24.03.2019

அன்புள்ள பெரியண்ணைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இவருடைய முதுகும் சுகம், உங்கள் கடிதத்தைக் காட்டிப் பனி வழிக்கிறதை நிறுத்திவிட்டார். உங்கள் பிரஷர் எப்படி? உப்பைக் குறைத்தீர்களா, இல்லை குறைத்தேன் என்று டொக்டருக்குச் சொன்னீர்களா?

கட்டுரையை இரண்டு பேரும் வாசித்தோம். இவர், "உன்ரை அண்ணை பெரிய ஆள்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். "முதலில் கைவிடு, பிறகு கதைப்போம்" என்ற வசனத்தை நான் முன்னமே கேட்டிருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் உங்கள் வீட்டுக் குசினியில் நின்று உங்கள் மகனுக்குச் சொன்னீர்கள். "முதல்லை அந்தப் பிரெஞ்சுக்காரப் பெட்டையை விட்டிட்டு வா, பிறகு கதைப்பம்." அவன் விடவில்லை. நீங்கள் கதைக்கவில்லை.

அதோடு, பத்திரிகைக்காரர் "வாஷிங்டன் சொன்னது, பியோங்யாங் மறுத்தது" என்று எழுதுவதுபோல நீங்களும் பெற்ற பிள்ளையை அவன் இருக்கிற ஊரின் பெயரால் "ரெனான்" என்கிறீர்கள். அவனுக்கு வினோதன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அண்ணி வேறு பெயர் வைக்கக் கேட்டு, நீங்கள்தான் சண்டை பிடித்து இதை வைத்தீர்கள்.

போன ஞாயிறு போனேன். நீங்கள் சொன்ன அந்தப் பெட்டை, சில்விதான் ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுவந்தாள். அவன் மெலிந்துபோனான். நான் கொண்டுபோன ஆட்டுக்கறியை மணந்து பார்த்துவிட்டு, "பிறகு சாப்பிடுறன் மாமி" என்று மூடி வைத்தான். மின்சார வேலைக்கும் இப்போது போவதில்லை, கொஞ்ச நாள் லீவாம். உங்களைக் கேட்டான். "அப்பாவின்ரை காது எப்பிடி?" என்றான்.

அண்ணி இருந்திருந்தால் இந்தத் தூது வேலை என் தலையில் விழுந்திராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
மனோகரி

எம்மன்புரூக்கே
20.05.2019

அன்புள்ள மனோகரிக்கு,

சுகம். உப்பும் குறைத்திருக்கிறேன். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நினைக்கிறேன்.

மறுமொழி எழுதப் பிந்திவிட்டது. வேலை என்று பொய் சொல்லமாட்டேன், கோபம். அண்ணனுடைய கட்டுரைக்குத் தங்கச்சி எழுதுகிற விமர்சனமா அது? உலக விவகாரத்தையும் வீட்டு விவகாரத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறாய்.

நீ குசினிக் கதையை எடுத்தபடியால் முழுவதையும் எழுதுகிறேன். நான் அப்படிச் சொன்னது உண்மை. கோபத்தில் ஒரு தகப்பன் சொல்லமாட்டானா? அதற்கு அவன் சொன்ன மறுமொழி உனக்குத் தெரியுமா? பையைத் தூக்கிக்கொண்டு கதவில் நின்று, என் முகத்தைப் பார்த்து, "நான் போறன்" என்றான். கடைக்குப் போகிறவன்கூட "போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவான். செத்த வீட்டில் மாத்திரம்தான் நாங்கள் சொல்லாமல் போகிறது. பெற்றவனுக்கு முன்னால் நின்று "போறன்" என்றால் என்ன அர்த்தம்? இனி வரமாட்டேன் என்றுதானே? அப்போது எனக்கு இந்தக் காது நன்றாகக் கேட்டது, மனோகரி. வடிவாகக் கேட்டது.

போகிறேன் என்று சொல்லிப் போனவன் வருகிறேன் என்று சொல்லட்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த மாதம் வடகொரியா மறுபடி ஏவுகணை விட்டிருக்கிறது. பார்த்தாயா, மேசைக்கு வராதவன் வெடிச் சத்தம் போட்டுத் தன்னைப் பார்க்க வைக்கிறான். இதைப் பற்றித்தான் ஜூன் இதழில் எழுதுகிறேன்.

ரெனானில் லீவு முடிந்துவிட்டதா?

அண்ணை

லா ஷோ-து-ஃபோன்
02.06.2019

அன்புள்ள பெரியண்ணைக்கு,

எங்கள் இருவருக்கும் சுகக்குறைவில்லை. உங்கள் கோபம் ஆறியிருக்கும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

அந்தப் "போறன்" கதையை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். இவருக்குப் பயம் பிடித்துவிட்டது. நேற்று ரெனானுக்குப் போய் அவனிடமே கேட்டேன். "அண்டைக்கு அப்பாவுக்கு ஏன்டா போறன் எண்டு சொன்னனி?" என்றேன். அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "போனன் தானே மாமி? வேறை என்ன சொல்லுறது?" என்றான். அண்ணை, அவன் எம்மன்புரூக்கேயில் ஜெர்மன் கதைத்து வளர்ந்த பிள்ளை. அவர்கள் வெளிக்கிடும்போது "இஹ் கங் யெட்ஸ்" என்பார்கள் இல்லையா, இப்போது போகிறேன் என்று? அதைத்தான் தமிழில் சொல்லியிருக்கிறான். இன்றைக்கும் என்னை ஸ்டேஷனில் விட்டுவிட்டு "மாமி, நான் போறன்" என்றுதான் சொல்கிறான். நான் ஒவ்வொரு முறையும் ஏசுவேன், அவன் சிரிப்பான். நாங்கள் சொல்லிக் கொடுக்காத வார்த்தைக்கு அவன் ஒன்பது வருடம் தண்டனை அனுபவிக்கிறான்.

நீங்கள் சொன்னதை விளக்கினேன். அவன் முகம் வாடிப்போனது. "அப்பா அதுக்கோ கோவம்? நான் சில்விக்காக எண்டெல்லோ நினைச்சன்" என்றான்.

இன்னொன்று. அவனுக்கு உடம்பு சுகமில்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன், என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறான். இவ்வளவு எழுதியதே வாக்குத் தவறினது மாதிரித்தான். லீவு முடியவில்லை, அண்ணை. முடிகிற லீவாகவும் தெரியவில்லை.

நீங்கள் ஒருக்கால் வாருங்கள். வேண்டுமானால் நான் பேர்ன் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன், சேர்ந்து போவோம்.

அன்புத் தங்கை,
மனோகரி

எம்மன்புரூக்கே
14.07.2019

அன்புள்ள மனோகரிக்கு,

நான் சுகம். வெக்கை தாங்க முடியவில்லை. நீங்கள் மலையில் இருக்கிறபடியால் தப்பினீர்கள். கேதீசின் முதுகுக்கு வெயில் நல்லது.

உலகத்தைப் பார்த்தாயா? அமெரிக்க அதிபர் கொரிய எல்லைக் கோட்டைக் கடந்து காலை வைத்துவிட்டார். தவச்செல்வன் என்னைக் கேலி பண்ணுகிறான், பரிசு கொடுத்தாச்சே அண்ணை என்று. அந்த வடகொரியத் தலைவர் சின்ன வயதில் பேர்னில் பள்ளிக்கூடம் போனவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சுவிஸ் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் ஒன்றும் சொல்வழி கேட்காது என்று நான் பகிடியாக எழுதினேன். பத்திரிகையில் வெட்டிவிட்டார்கள்.

"போறன்" பற்றி நீ எழுதியதை யோசித்தேன். கனக்க யோசித்தேன். அப்படியும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் சுகமில்லை என்ற கதை எனக்குப் பிடிக்கவில்லை. என்ன வருத்தம்? தடிமனா, காய்ச்சலா? ஏன் ஒளிக்க வேண்டும்? நான் இந்த விவகாரங்களைக் கனகாலமாக எழுதுகிறவன். சந்திப்புக்கு முன் ஒரு நெருக்கடியைக் காட்டி மற்றவனை இறங்கி வரப்பண்ணுவது பழைய தந்திரம். அவன் செய்யாவிட்டாலும் நீ செய்வாய், உனக்கு இளகின மனம். எனக்காக அவன் ஒரு வரி எழுதட்டும். "அப்பா வாங்கோ" என்று இரண்டே சொல். நான் அடுத்த ரயிலில் வருவேன்.

எழுதத் தெரியாதவன் இல்லையே அவன். ஒரு சங்கதி சொல்கிறேன். தவச்செல்வன் போன கிழமை தற்செயலாகச் சொன்னான், எங்கள் பத்திரிகைக்கு ரெனானில் ஒரே ஒரு சந்தாதாரர், அது உங்கள் மகன்தான் என்று. வீட்டை விட்டுப் போன வருடத்திலிருந்து ஒரு மாதமும் விடவில்லையாம். ஆக, நான் எழுதுவதையெல்லாம் அவன் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை. இதை அவனிடம் சொல்லாதே.

அண்ணை

லா ஷோ-து-ஃபோன்
18.08.2019

அன்புள்ள பெரியண்ணைக்கு,

உங்கள் சுகத்துக்குப் பிரார்த்திக்கிறேன். இவர் சுகம். நான் கொஞ்சம் களைப்பு. இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று தரம் லோசானுக்குப் போய்வருகிறேன். வேலையில் பாதி நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். லோசானில் எங்கே என்று கேட்காதீர்கள்.

நீங்கள் தந்திரம் என்று எழுதியதை இவருக்கும் காட்டவில்லை. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அண்ணனுடைய கையெழுத்து என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு சொல் எழுது என்று அவனிடம் கேட்டேன். மாட்டேன் என்றான். "வருத்தம் எண்டு கேட்டு அப்பா வரக்கூடாது மாமி. மன்னிக்கவும் வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில ஆக்கள் வாறமாதிரிச் சும்மா வரட்டும்." அவனும் உங்கள் மகன்தானே, அவனுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்களுடையது "ஒரு வரி". அவனுடையது "சும்மா". நடுவில் ரயிலில் போய்வருகிறவள் நான்.

சண்டை பிடிக்கிற இரண்டு நாட்டுக்கு நடுவில் தூது போவது சுவிஸ்காரருக்குப் பெருமை என்று ஒருமுறை எழுதினீர்கள். அதில் பெருமை ஒன்றுமில்லை, அண்ணை. இரண்டு பக்கத்துக்கும் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனிடம், "அப்பா எப்பவும் உன்னைத்தான் கதைக்கிறவர்" என்கிறேன். "காதே கேளாது, ஆரோடை மாமி கதைக்கிறவர்?" என்கிறான்.

சும்மா வாருங்கள். கெதியாக வாருங்கள்.

மனோகரி

எம்மன்புரூக்கே
13.10.2019

அன்புள்ள மனோகரிக்கு,

சுகம். உன் களைப்பு தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். பாதி நாள் வேலையை அப்படியே வைத்துக்கொள், உடம்புக்கு நல்லது.

உன்னுடைய கடிதத்துக்கு உடனே மறுமொழி எழுதவில்லை. எழுதினால் வாக்குவாதமாகத்தான் வந்திருக்கும். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரயில் எடுக்கவென்று இரண்டுமுறை லூசேர்ன் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். போய் என்ன சொல்வது? ஒன்பது வருடத்துக்குப் பிறகு கதவைத் தட்டிச் சும்மா வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வாசலில் நின்று தடுமாறுகிற வாய் என்னுடையது. கையில் பேனை இருந்தால் அப்படியில்லை.

இந்த மாதம் ஸ்டொக்ஹோமில் பேசப் போனவர்களும் ஒரே நாளில் எழும்பிவிட்டார்கள். இன்னார் குற்றம் என்று பத்திரிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன. தவச்செல்வன் எனக்காக ஒரு பக்கத்தைப் பிடித்து வைத்தான். இரண்டு நாளில் எழுதினேன். இதுவரை எழுதியதற்கெல்லாம் எதிராக எழுதினேன். இதழை இத்துடன் வைத்திருக்கிறேன், ஆனாலும் கடைசிப் பந்தியை இங்கே எழுதுகிறேன்:

"தனித்திருப்பவன் வாசலில் நிபந்தனையோடு நிற்பவன் விருந்தாளி அல்லன், வரி கேட்க வந்தவன். யார் முதலில் கைவிடுவது என்ற வழக்குத் தீருமுன் வழக்காடுவோர் முதுமையெய்திவிடுவர். வலியவன் எவனோ, மூத்தவன் எவனோ, அவனே முதலில் எழுந்து செல்லக் கடவன். அவ்வாறு செல்ல ஆயத்தமாயிருப்பவன் ஒருவன் இருக்கிறான். கதவு திறந்திருக்கிறது என்ற ஒரு சைகைக்காகவே அவன் காத்திருக்கிறான்."

வடகொரியாவைப் பற்றித்தான் என்று ஊர் நினைக்கும். வாசிக்க வேண்டியவன் வாசித்தால் அவனுக்கு விளங்கும். அரசுகளும் இப்படித்தானே பத்திரிகை வழியாகக் கதைக்கின்றன. இதழ் வியாழக்கிழமை ரெனானுக்குப் போயிருக்கும். அவன் உன்னிடம் ஏதும் சொன்னால் உடனே எழுது.

கேதீசைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அண்ணை

எம்மன்புரூக்கே
10.11.2019

மனோகரிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. ரெனானிலிருந்தும் மறுமொழி இல்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கீழே இறங்கி நிற்கிறேன். பக்கத்து வீட்டு அல்பேனியக்காரர் எனக்குப் பெண்சாதி வரப்போகிறது என்று நினைக்கிறார்.

எனக்குத் தெரிந்த தமிழில் ஒரு தகப்பன் இதற்கு மேல் இறங்க முடியாது. ஊருக்கு முன்னால், அச்சில், என்னுடைய படத்துக்குக் கீழே எழுதினேன். வாசித்துவிட்டும் அவன் பேசாமல் இருக்கிறான். அதுவும் ஒரு மறுமொழிதான். சைகை காட்டினேன், ஏற்கவில்லை. டிசம்பர் இதழில், சில கதவுகள் உள்ளேயிருந்து பூட்டப்பட்டிருக்கின்றன என்று எழுதப் போகிறேன். தலைப்பும் போட்டாயிற்று.

இனி ரெனான் பற்றி எனக்கு எழுத வேண்டாம். வேறு ஊர்ப் புதினம் இருந்தால் எழுது.

அண்ணை

லோசான்
14.11.2019

அண்ணை,

இதைக் கேதீஸ் கையில் கொடுத்து விடுகிறேன். நாளைக்குக் காலையில் உங்கள் கதவில் நிற்பார். வாசித்தவுடன் அவரோடு வெளிக்கிடுங்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் முந்தநாள்தான் உடைத்தேன். ஒரு மாதமாக நான் வீட்டில் இல்லை. அக்டோபரில் வினோதனை இங்கே பெரியாஸ்பத்திரியில் கொண்டுவந்து வைத்தார்கள், அன்றிலிருந்து நானும் சில்வியும் மாறி மாறி நிற்கிறோம். புற்றுநோய். மாசியில் கண்டுபிடித்தார்கள். அப்போதே பரவிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, நோகாமல் வைத்திருக்கிறோம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த அன்றைக்கே உடைத்திருக்க வேண்டியது. அதற்கு நீங்கள் என்னை ஏசலாம், பிறகு ஏசுங்கள்.

இப்போது உங்கள் கட்டுரை. கடிதத்தைப் படித்தவுடன் இதழை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவனிடம், "இதை வாசிச்சனியோ?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, "மாமி, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றான்.

தெரியாது, அண்ணை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதில் கொஞ்சக் காலம் போனதோடு சரி. நீங்கள் இரண்டு ஷிப்ட் வேலை, மிச்ச நேரம் எழுத்து, யாருக்கும் கவனிக்க நேரமில்லை. எனக்கும் தெரியாது, என்னோடு கதைக்கிறானே என்று இருந்துவிட்டேன். "அப்ப ஏன்டா இவ்வளவு காலமும் பேப்பர் எடுக்கிறாய்?" என்று கேட்டேன். "அப்பாவின்ரை படம் வருமெல்லோ. படமும் பேரும் இருந்தா அப்பா சுகமா இருக்கிறார் எண்டு அர்த்தம்" என்றான். உங்கள் பெயரை மட்டும் எழுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பானாம்.

உங்கள் கடைசிப் பந்தியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "நல்ல வடிவாக் கிடக்கு மாமி. என்ன சொல்லுறார்?" என்றான். எய்திவிடுவரையும் செல்லக் கடவனையும் நான் எந்தப் பாஷையில் அவனுக்குச் சொல்ல? ஒரே வசனத்தில் சொன்னேன்: "அப்பா வாறாராம்."

"சும்மாவோ?" என்று கேட்டான்.

"ஓம், சும்மா" என்றேன்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாருங்கள்.

மனோகரி

எம்மன்புரூக்கே
15.12.2019

அன்புள்ள தங்கச்சி மனோகரிக்கு,

உன்னையும் கேதீசையும் கடவுள் சுகமாக வைத்திருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்டு நீ எழுதியது கிடைத்தது. சாப்பிடுகிறேன், மருந்து போடுகிறேன். சில்வி கிழமைக்கு ஒரு தரம் கார்ட் போடுகிறாள். அவளுக்கு ஜெர்மன் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. கார்டில் ஒரு படம் இருக்கும், கீழே அவள் பெயர் இருக்கும். நானும் ஒன்று வாங்கிப் பெயரை எழுதிப் போடுகிறேன். நல்ல பிள்ளை, மனோகரி. நான் அங்கே நின்ற நாட்களில் எனக்குக் குழையச் சோறு காய்ச்சித் தந்தாள். அவளை விட்டுவிட்டு வா என்று சொன்ன வாய் இது.

செத்த வீட்டில் சனம் நிறைய வந்தது. யார் என்ன சொன்னார்களோ, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடித்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினேன். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை அன்று சொல்ல முடியவில்லை. சத்தமாகச் சொல்லுகிற விஷயமில்லை.

நான் ஆஸ்பத்திரி அறைக்குள் போனவுடன் வினோதன் முதலில் என்னுடைய காதைத்தான் பார்த்தான். கருவி பெரிசாகிவிட்டது என்று கையால் காட்டிச் சிரித்தான். நீ பக்கத்தில் நின்றாய், உனக்குத் தெரியும். ஏன் வந்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு பெரும்பாலும் நித்திரைதான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவன் கையில் ஸ்க்ரூட்ரைவர் பிடித்துக் காய்த்த தழும்பு இருந்தது. அது எனக்கு அதுவரை தெரியாது.

கடைசிக்கு முதல்நாள் பின்னேரம் நீயும் சில்வியும் சாப்பிட என்று கீழே போனீர்கள். அந்த மெஷின்களின் சத்தத்துக்குக் கருவி விசிலடித்ததால் நான் அதைக் கழற்றி வைத்திருந்தேன். அவன் கண்ணை முழித்தான். என்னை நன்றாகப் பார்த்தான். பிறகு கதைத்தான். ஒரு சொல் இல்லை, மனோகரி, கனக்கக் கதைத்தான், இடையிடையே மூச்சு எடுத்து எடுத்து. நான் அவசரப்பட்டு மேசையில் கருவியைத் தேடி, காதில் மாட்டி, திருகி முடிய, அவன் சொல்லி முடித்துவிட்டான். முகத்தைப் பார்த்தேன். ஏதோ கேட்டிருக்கிறான், மறுமொழிக்குக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் விளங்கியது.

திருப்பிச் சொல்லு என்று கேட்டிருக்கலாம். அவன் மூச்சுக்குப் பட்ட பாட்டைப் பார்த்தபின் கேட்க மனம் வரவில்லை. "ஓம்" என்றேன். அவன் கையை இறுக்கினான். நான் இன்னொருமுறை, "ஓம், ஓம் ராசா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கதைக்கவில்லை.

மூன்று பாஷை தெரிந்த பிள்ளை. எதில் சொன்னான் என்றுகூட எனக்குத் தெரியாது.

தவச்செல்வன் வந்து ஜனவரி இதழுக்குக் கட்டுரை கேட்டான். வருட முடிவு வரைக்கும்தான் பொறுப்போம் என்று வடகொரியா தவணை வைத்திருக்கிறதாம், அதைப் பற்றி எழுத வேண்டுமாம். இனி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். படத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். அதைப் பார்க்கிறதற்கு இனி ஆள் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அவனோடு அவ்வளவு நாள் இருந்தாய். என்னிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவன் உனக்கு எப்போதாவது சொன்னானா? சில்வியிடமும் கேட்டுப் பார். நினைவிருந்தால் எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. என்னுடைய மனம் ஆறட்டும் என்று ஒன்றை இட்டுக்கட்டி மட்டும் எழுதிவிடாதே, பிள்ளை. உன்னுடைய மனம் எனக்குத் தெரியும்.

நான் அவனுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். அதை நான் செய்ய வேண்டும். எதைச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணை